பைய எடுங்க!

முதலில் என் கண்ணில் பட்டது ஓர் ஆணித் தலைதான்.

பழைய தேக்குப் பலகைக்கு மேலே, ஓர் அரிசி அளவுக்குத் தலையை நீட்டிக்கொண்டு மின்னியது. நின்று பார்த்தால் தெரியாது. ஜன்னல் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது, நானும் குந்தியிருந்தேன். அதனால் தெரிந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீட்டு மாடி அது. ஹால் முழுக்க மரத் தரை. வீட்டுக்கார ஜெபா டீச்சர், மகளின் நிச்சயதார்த்தத்தை அந்த ஹாலில்தான் வைப்பேன் என்று இருந்தார். கறுத்துப்போன பழைய பாலிஷைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை.

எங்கள் வேலை என்கிறேன்... அப்போது நான் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பதினேழு வயது.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். எழுந்து நின்று வாசி என்றால் எனக்குக் குரலே வராது. எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து பாதி நாள் போகமாட்டேன். கடைசியில் போகாமலே இருந்துவிட்டேன். அம்மாதான் எங்கள் தெரு முத்தையா அண்ணாச்சியிடம் சொல்லி இந்த வேலையில் சேர்த்துவிட்டாள்.

மெஷின் ஓட்டச் சென்னையிலிருந்து குமரேசன் அண்ணன் வந்திருந்தார். மெஷினுக்குப் பின்னால் ஒரு துணிப் பை தொங்கும். தேய்த்த மரத்தூள் அதில் போய் விழும். அந்தத் தூளை அண்ணாச்சி கீழே கொட்டவிடமாட்டார். பசையில் குழைத்துப் பலகை இடுக்குகளை அடைக்க அதுதான் வேண்டும். அதே மரத்தின் நிறம் வேறு எதில் கிடைக்கும்?

நான் வயரைப் பிடித்துக்கொண்டு மெஷின் பின்னாலேயே போக வேண்டும். வயர் அடியில் சிக்கப் பார்த்தாலோ, முன்னால் ஏதாவது கிடந்தாலோ, கத்த வேண்டும்.

கத்துவது... அதுதான் எனக்கு ஆகாதது.

அன்று காலையில்தான் அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

"ஏட்டி, இந்த மெஷின் போடுத சத்தத்துல நீ முணுமுணுத்தா எவனுக்குக் கேக்கும்? வயரு உள்ள போச்சுன்னா உசுருக்கே ஆபத்து. இன்னைக்கு ஒரு நா பாப்பேன். வாயத் தொறக்கலேன்னா நாளையிலேருந்து கடையில துணி அலசு."

கடையின் பின்பக்கம் பாலிஷ் துணி அலசும் அறைக்கு ஜன்னல் கிடையாது. மண்ணெண்ணெய் வாடை.

உங்களில் யாராவது பழைய தேக்குத் தரையைத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மெஷின் போன இடத்தில் கறுப்பு விலகி, பனங்கற்கண்டு நிறத்தில் பலகை வெளியே வரும். புதுத் தோல் செருப்பில் நல்லெண்ணெய் தடவியது போல ஒரு வாசனை. அதை விட்டுவிட்டு அந்த அறைக்குப் போக எனக்கு மனமில்லை.

மெஷின் நேராக ஆணியை நோக்கிப் போனது. ஏறினால் உருளையில் சுற்றிய உப்புத்தாள் கிழியும். பலகையில் ஆழமாகக் கோடு விழும்.

எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன்.

"அண்ணே! பைய... பைய எடுங்க!"

குமரேசன் அண்ணன் திரும்பிப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். ஒரு கையால் மெஷினைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பின்னால் தொங்கிய பையை உருவி எடுத்தார்.

அப்புறம் அந்த ஹாலில் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை.

சத்தம் நின்றது. தூள் அடங்கியது. மாடிப்படி வாசலில் காப்பித் தட்டோடு ஜெபா டீச்சர். வெள்ளைச் சேலை, புருவம், காப்பி எல்லாம் ஒரே நிறம்.

"எந்தக் கோட்டிக்காரன்வே ஓடுத மெஷின்ல பையக் கழத்துவான்?" அண்ணாச்சி இருமிக்கொண்டே வந்தார்.

"இந்தப் பொண்ணுதாங்க பையை எடுக்கச் சொல்லிச்சு!" என்றார் குமரேசன் அண்ணன்.

எனக்குக் குரல் போய்விட்டது. கையை மட்டும் நீட்டினேன். மெஷினுக்கு ஒரு சாண் முன்னால் ஆணி. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வே, எங்கூர்ல பையன்னா மெதுவா வே! மெஷினப் பைய எடுன்னு பிள்ள சொல்லுது... நீரு பையவே எடுத்துட்டீரு!"

டீச்சரும் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, என் சேலையிலயும் ஒரு கரண்டி தூள் இருக்கு. உதறித் தாரேன், இடுக்குல வச்சு அடைச்சிருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்தது. இனி செத்தாலும் பேசக் கூடாது என்று நினைத்தேன்.

ஆணியை உள்ளே இறக்கிவிட்டு அண்ணாச்சி கீழே போனார். மறுபடி மெஷினைப் போட்டார்கள். கொஞ்ச நேரம்தான். அண்ணன் திரும்பும்போது வயர் அவர் காலில் தட்டி, என் கையிலிருந்து நழுவி, உருளைக்கு நேராகச் சுருண்டது.

"நிறுத்துங்க!"

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. மெஷின் சட்டென்று நின்றது. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

கீழேயிருந்து அண்ணாச்சி கேட்டார். "யாருட்டி கத்துனது?"

"நாந்தான்..."

"ம். நாளைக்கு வயரு பிடிக்க வரும்போது மூக்குல கட்டத் துணி எடுத்துட்டு வா."

நிச்சயதார்த்தத்துக்கு டீச்சர் எங்களையும் கூப்பிட்டிருந்தார். வந்தவர்கள் எல்லாம் பெண்ணைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மெஷினை ஓட்டுவது நான். வேலை சொல்ல வீட்டுக்கு வருகிறவர்களிடம் இன்னும் சரியாகப் பேச வராது. அம்மாவைப் பேசச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். மெஷின் பக்கத்தில் மட்டும் குரல் வந்துவிடுகிறது.

போன வாரம் ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட மேடை. பலகை மேடை. வயர் பிடிக்கச் சேலத்திலிருந்து ஒருவர் புதிதாக வந்திருந்தார். என்னைவிட மூத்தவர். அன்று என் வாய் திறக்க ஓர் ஆணி வேண்டியிருந்தது. இன்று நானே அவரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, ஒண்ணு சொல்லிக்கிடுதேன். எங்க ஊர்ல பையன்னா மெதுவா. நான் பையன்னு கத்துனா, பையத் தொடாதீங்க."

பிறகு குனிந்து, மேடையை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஸ்விட்சைப் போட்டேன்.