பூச்சாறு குடித்த கரி

எழுபதுகளின் கடைசியில் எங்கள் சாயப்பட்டறைத் தண்ணீர் கால்வாய் வழியாக நேரே என் பாவாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், நெல் வயலுக்குப் போகும். இங்கே நூல் சிவந்தால் அங்கே வயல் சிவக்கும். ஓர் ஆடிக் கிருத்திகை முடிந்த கையோடு பாவா மண்வெட்டியும் கையுமாக வந்தார்.

"வெள்ளிக்கிழம வந்து பாப்பேன் மச்சான். தண்ணி செவப்பா வந்தா கால்வாய மூடிட்டுப் போய்க்கினே இருப்பேன்."

கால்வாய் மூடினால் பட்டறை மூடும். பட்டறை மூடினால் மாமனார் கடையில் நான் புடவை மடிக்கவேண்டும். அந்தப் பயத்தில் வாய் தானாக உளறியது.

"அந்தத் தண்ணியவே உங்க முன்னாடி ஒரு டம்ளர் குடிச்சிக் காட்டறேன் பாவா."

"ஆங். டம்ளர் நான் கொண்டாரேன்."

தொட்டி கட்டி, கொட்டாங்கச்சிக் கரியை இடித்து நிரப்பினேன். சாயத் தண்ணீர் ஒரு குடம் ஊற்றினால் அடியில் கிணற்று நீர்போல வந்தது. அன்றைக்கு நான் நடந்த நடைக்குத் தெரு போதவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல காரியத்துக்கு முன்னால் கோயில் குளத்துத் தண்ணீரைத் தெளிப்பது வழக்கம். எனக்குத்தான் எதையும் தெளித்துப் பழக்கமில்லையே. மலையடிவாரக் கோயில் குளத்திலிருந்து வண்டியில் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து கரியைக் குளிப்பாட்டினேன். கிருத்திகைக்கு வந்த காவடிப் பூவெல்லாம் அந்தக் குளத்தில்தான் அழுகிக் கிடந்தது. தண்ணீர் டிகாக்ஷன் நிறம். அதுவும் தெளிந்தே இறங்கியது. கடைசிப் பீப்பாய் மட்டும் கொஞ்சம் பழுப்பாக வந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"பூச்சாத்தையே குடிச்சிடுச்சி பாரு" என்றேன் மனைவியிடம்.

"அப்ப அதுக்கு வயிறு ரொம்பியிருக்குமே."

"கரிக்கு ஏதுடி வயிறு?"

வெள்ளிக்கிழமை சாயத் தண்ணீரைத் திறந்தேன். ரோஸ் மில்க் வந்தது. கரியில் இருந்த இடத்தையெல்லாம் பூச்சாறு முன்னாலேயே பிடித்துவிட்டது. சென்னை ரயிலில் துண்டு போட்ட பெட்டி மாதிரி. சாயம் உட்கார இடமில்லாமல் இந்த வாசலில் ஏறி அந்த வாசலில் இறங்கிவிட்டது. இதெல்லாம் பிற்பாடு விளங்கியது. அந்த நேரத்தில் எனக்குக் கேட்டது பாவாவின் சைக்கிள் மணி ஒன்றுதான்.

வேட்டியை விரித்துப் பிடித்துக் குழாய்க்கு முன்னால் நின்றேன்.

"தள்ளு மச்சான்."

"இங்கதான் பாவா காத்து நல்லா வருது."

பின்பக்கம் சிவந்த வேட்டி முன்பக்கமும் சிவந்துகொண்டு வந்தது. பாவா அதை நிதானமாகப் பார்த்தார். பையிலிருந்து டம்ளரை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

"குடிக்கிறியா, கூட புடிக்கிறியா?"

கூடை பிடித்தேன். அவர் வெட்ட வெட்ட நானே மண் சுமந்து என் கால்வாயை மூடினேன்.

புதுக் கரி வாங்கி, கிணற்றுத் தண்ணீரில் கழுவி, சாயம் தெளிந்து வருவதைக் காட்டும்வரை அவர் அந்த மண்ணைத் தொடவிடவில்லை. அதுவரை மாமனார் கடைதான். முதல் நாளே அக்கா வந்து உட்கார்ந்தாள். முக்கால் கடையைப் பிரிக்கவைத்து, ஒரு சிவப்புப் புடவையைக் கையில் எடுத்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள்:

"தம்பி, சாயம் போவாதில்ல?"