ரீல்ஸுக்காகத் திறந்த வாய்

அரியமங்கலத்தில் ஒரு பழைய லேத்தை வைத்துக்கொண்டு, சொந்தப் பட்டறை, ஸ்ரீரங்கத்தில் மாடி வீடு, மகனுக்கு இன்ஜினியர் படிப்பு எல்லாம் உண்டாக்கியவன் நான். படித்தது நாலாம் வகுப்பு. வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கமும் கூடவே வளர்ந்தது.

மருமகள் வித்யா திருச்சி ஓட்டல்களைப் பற்றி ரீல்ஸ் போடுவாள், ஊரே பார்க்கும். பட்டறை ஆட்களுக்கு வாய்ப்புற்றுநோய் பற்றி ஒரு ரீல்ஸ் போடும்படி பல் டாக்டர் ஒருவர் அவளைக் கேட்டிருந்தார். நடிக்க என்னை விட்டால் யார்?

"மாமா, கன்னத்தை இழுத்து ஆ காட்டுங்க."

"இத்தனை வருஷமா புகையிலை போடுறேன், எனக்கு என்ன ஆச்சு? நல்லா எடும்மா!"

போனைப் பார்த்தவளின் சிரிப்பு நின்றுவிட்டது. "உள்ளே வெள்ளையா இருக்கு மாமா."

"சுண்ணாம்பா இருக்கும்."

"கொப்பளிச்சிட்டு வாங்க."

கொப்பளித்தும் போகவில்லை. அன்றே டாக்டரிடம் இழுத்துப் போனாள். சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை அவளுக்கும் சோறு இறங்கவில்லை. புற்றுநோயாக மாறக்கூடிய திட்டு, இன்னும் மாறவில்லை, புகையிலையை விட்டால் பிழைத்தீர்கள் என்றார் டாக்டர்.

விட்டுவிட்டேன். சொன்ன தேதியில் டாக்டரிடம் போய் வாயைக் காட்டுகிறேன். மாதம் ஒருமுறை என் ஆட்களையும் வரிசையில் நிறுத்தி, "ஆ காட்டுங்கப்பா, அப்புறம் மெஷினைத் தொடலாம்" என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

என் வாயைக் காட்டி வித்யா போட்ட அந்த ரீல்ஸைப் பார்த்துப் பலர் பரிசோதனைக்கு வந்தார்களாம். பாராட்டெல்லாம் வித்யாவுக்கே. என் மருமகள், எனக்கும் பெருமைதான். ஆனால் வாயைத் திறந்தது யார்? ஆசிரியர் ஐயா, அதையும் மறக்காமல் உங்கள் பத்திரிகையில் போடுங்கள்.