அம்மா பைண்டு பண்ண தொடர்கதை

ஒரு காபி கடையில, ஜென்ட்ஸ் டாய்லெட்டுக்கு எதிர் டேபிள்ல உக்காந்து இதை டைப் பண்றேன். சிரிக்காதீங்க.

அம்மா வாராவாரம் பத்திரிகையிலேர்ந்து கிழிச்சு சேர்த்து பைண்டு பண்ணி வெச்ச தொடர்கதை ஒண்ணு எங்க வீட்ல இருந்துச்சு. கடைசி அத்தியாயத்துல கதாநாயகி வீட்டை விட்டு வேலைக்குக் கிளம்புற இடத்துல, ஓரமா பென்சில்ல "போயிடுடி, திரும்பிப் பாக்காத"ன்னு எழுதியிருப்பாங்க. கதையை விட அந்த வரிதான் என்னை வேலைக்கு அனுப்புச்சு.

அம்மா போனப்புறம், போகிக்கு வீடு ஒழிக்கிறேன்னு அண்ணன் அதைப் பழைய பேப்பர் கடையில போட்டுட்டான். அதுலேர்ந்து சண்டே மார்க்கெட்ல ஒரு புத்தகக் குவியலையும் தேடாம விடல நான்.

இன்னைக்கு தோழியோட பீச் பக்கம் இந்தக் கடைக்கு வந்தா, சுவர் பூரா அம்மாவோட பக்கங்கள், ஓரத்துல அவங்க பென்சில் எழுத்தோட. பிரேம் போட்டு!

மேனேஜர்கிட்ட அழுதே கேட்டேன். "டெக்கரேஷன் விக்கிறதில்ல மேடம். போட்டோ எடுத்துக்குங்க."

சாப்பிடறவங்க தலைக்கு மேல எட்டி எட்டி எடுத்தேன். ஒரு ஃபாரின் ஜோடி பயந்து டேபிள் மாறிட்டாங்க. கடைசி அத்தியாயத்தை மட்டும் காணோம்.

"அது ஜென்ட்ஸ் டாய்லெட்ல மாட்டியிருக்கு மேடம்."

சர்வர் தம்பி போய் போட்டோ எடுத்துட்டு வந்தாரு. கதை பளிச்சுனு இருக்கு. அம்மா எழுதின ஓரத்தைத்தான் விட்டுட்டாரு. மறுபடி கேட்டா முறைக்கிறாரு.

பீச் பக்கம் எந்த அண்ணன் தம்பி இருந்தாலும் உடனே வாங்க. காபி என் செலவு.

ஓரத்தை மட்டும் எடுத்தா போதும். கதை எனக்கு மனப்பாடம்.