கண்ணில் படாத அட்டை

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, எங்களோடு அமர்ந்து ஒரு வாய் சோறு உண்ணும் சொந்தபந்தங்கள், நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்த மலரில் அக்காவைப் பற்றி எழுத வேண்டியவர் மச்சான்தான். "எனக்கு ரெண்டு வரிக்கு மேல வராது மாப்ளே, நீயே எழுதிரு" என்று என் தலையில் கட்டிவிட்டார். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டுகிறவன் நான். பேசச் சொன்னால் போடிமெட்டு வரைக்கும் நிறுத்தாமல் பேசுவேன். எழுத்து அப்படி வருவதில்லை. எழுத்துப் பிழைகளை எல்லாம் அக்காவின் மகள் திருத்திக் கொடுத்தாள். அவளாலும் திருத்த முடியாத பிழை ஒன்று இதில் இருக்கிறது. அது நான் செய்தது.

அக்கா பிறந்தது ராசிங்காபுரத்தில். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். அப்பா மானாவாரிக் காட்டை நம்பி வாழ்ந்தவர். மழை ஏமாற்றிய வருடங்களில் குடும்பம் போடிக்குக் குடிவந்தது. அப்பா தவறிய பிறகு, படிப்பை ஏழாவதோடு நிறுத்திக்கொண்டு அக்கா ஏலக்காய் எடுக்க மலை ஏறினார். நான் பத்தாவது வரைக்கும் படித்தது அவர் முதுகு வளைந்ததால்தான். மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்த மச்சானைக் கட்டிக்கொண்டார். ஒரே மகள். அவளையும் படிக்கவைத்து ஆசிரியை ஆக்கினார்.

அக்காவின் சேலையில் ஏலக்காய் வாசம் ஊறிப்போயிருந்தது. எத்தனை முறை துவைத்தாலும் போகாது. வெளியூர்க் கல்யாண வீட்டுக்குள் அவர் நுழைந்தால், பாயசம் வந்துவிட்டதோ என்று பந்தியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஜீப்பில் முன்சீட்டு அவருக்குத்தான். பனி இறங்கிக் கிடக்கும் காலையில், கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் பத்தடி கூடத் தெரியாது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப ஒடிடா, இப்ப நிமித்து" என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒருநாளும் தப்பியதில்லை. அந்த வெள்ளைக்குள் போகும்போது, நான் ஓட்டுகிறேனா, அக்காவின் தூக்கத்துக்குள் ஜீப்பு தானாகப் போகிறதா என்று எனக்கே சில நாள் விளங்காது.

மலை அறியாத உறவினர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏலச்செடி உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், தரையோடு படர்ந்த சரத்தில்தான் காய் இருக்கும். மழைக்காலத்தில் நாள் முழுக்க ஈரத்தில் குந்தி உட்கார்ந்து எடுக்க வேண்டும். புகையிலையும் உப்பும் காலில் தேய்த்துக்கொண்டு இறங்கினாலும் அட்டை ஏறத்தான் செய்யும். அது கடிப்பது தெரியாது. குடித்துவிட்டு உதிர்ந்த பிறகும் ரத்தம் வடிந்துகொண்டே இருக்கும். அதனால் எங்கள் ஜீப்பில் ரத்தக் கறையும் சேறும் ஒன்றுதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்படி ஒரு மழைக்காலச் சாயங்காலம், அக்கா இறங்கியதும் பார்த்தேன். முன்சீட்டில் ரத்தம்.

"ஏக்கா, சீட்டெல்லாம் ரத்தம். அட்டைக்கு இன்னைக்கு நல்ல விருந்து போட்டுட்ட போலயே."

"அப்பிடித்தான்டா இருக்கும். சிரிச்சது போதும், வெரசா வீட்டுக்குப் போ."

அவர் போன பிறகு சீட்டைக் கழற்றி வெளியே போட்டேன். மிதியடியை உதறினேன். டார்ச் அடித்து அடிப்பலகை வரை தேடினேன். அட்டை இல்லை. வழியில் எங்காவது விழுந்திருக்கும் என்று சீட்டைக் கழுவி மாட்டிவிட்டேன். அந்த மழை முடிவதற்குள் இன்னும் மூன்று முறை அதே இடத்தில் ரத்தம் இருந்தது. மூன்று முறையும் அட்டை என்றேன். மூன்று முறையும் தேடினேன். மூன்று முறையும் அங்கே ஒன்றும் இல்லை. இதை நான் அக்காவிடமும் சொல்லவில்லை, மச்சானிடமும் சொல்லவில்லை.

அறுவடை முடிந்து, வெயில் காலமும் வந்தது. வெயிலில் ஏது அட்டை? ரத்தம் மட்டும் நிற்கவில்லை. மூலச்சூடு என்று மோரும் வெந்தயமும் குடித்தார். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கினார். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் மகள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு பெண் மருத்துவரிடம் காட்டினாள். அவர் மதுரைக்கு அனுப்பினார். அங்கே குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, பெருங்குடலின் கடைசிப் பகுதியில் புற்றுநோய்க் கட்டி என்றார்கள். கட்டி நெடுநாளாக வளர்ந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தை என் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

முதலில் கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம். மதுரையிலேயே மச்சானின் தங்கை வீட்டில் தங்கி, ஐந்து வாரம் போய்வந்தார். ஆஸ்பத்திரியின் முதல் நாளில், காப்பீட்டுக் கவுன்டரில் இருந்த பெண், "அட்டை கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். அக்கா அசதியில் என் தோளில் சாய்ந்து கண் மூடியிருந்தார். "அட்டையத்தான் ஆத்தா தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நோய் தெரிந்த பிறகு மச்சான் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார். சீட்டில் அட்டையே இல்லை என்று நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

பிறகு அறுவை. மலம் வெளியேற இடது வயிற்றில் வழி திறந்து, அதன் மேல் பை ஒட்டிவிட்டார்கள். இனி வாழ்நாள் முழுக்க அப்படித்தான் என்றார்கள். அக்கா மூன்று மாதம் வாசலைத் தாண்டவில்லை. நாற்றம் வந்துவிடுமோ, சத்தம் கேட்டுவிடுமோ என்ற பயம். நாலு பேர் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவார். ஊரெல்லாம் ஏலக்காய் வாசத்தோடு நடந்த மனுசி அப்படி ஒளிந்துகொண்டதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்தப் பையின் பராமரிப்பை மச்சான் எடுத்துக்கொண்டார். காலை டீ குடித்ததும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஒட்டும் பகுதியில் சரியான அளவுக்கு வட்டமாக வெட்டுவார். பெரிதாகிவிட்டால் தோல் புண்ணாகும், சிறிதாகிவிட்டால் குடலை இறுக்கும். பெருவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் இன்னொரு முறை வெட்டுவார். ரெண்டு வரி எழுத வராது என்றவர் இவர்தான்.

எங்கள் ஜீப்பில் வரும் பேச்சியம்மாள் மதினி ஒருநாள் அடுப்படிக்குள்ளேயே போய்விட்டார்.

"காட்டு, பாக்குறேன்."

"வேண்டாம் மதினி."

"அட, காட்டுன்னா. இதுக்குத்தானா மூணு மாசமா வீட்டுக்குள்ள கெடக்க? நாங்க காய் போட ஆளுக்கொரு பைய இடுப்புல கட்டிக்கிட்டு மலை பூரா திரியல? ஒனக்குக் கூட ஒண்ணு. அவ்வளவுதான?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தது அடுத்த வீடு வரை கேட்டது. மறுநாள் காலையில் வாசல் தெளித்தது அவர்தான்.

அறுவைக்குப் பிறகு கீமோ ஊசி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரயிலில் மதுரை. அந்த மருந்து ஏறிய நாட்களில் குளிர்ச்சி ஆகாது. குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் நுனியில் ஷாக் அடிக்கும். எவர்சில்வர் டம்ளரைப் பிடித்தால் முள் குத்தும். ஆறிய தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகிக்கொள்ளும். நாற்பது வருடம் மழையிலும் பனியிலும் கிடந்தவருக்கு, போடி வெயிலில் கையுறை, காலுறை, தலையில் மங்கி குல்லா. "என்னக்கா, ஊட்டிக்குக் கிளம்பிட்டியா?" என்று நான் கிண்டல் செய்வேன். மச்சான் உலர்த்தும் ஸ்டோரில் வெப்பம் பார்த்துப் பழகியவர். டம்ளரை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, துடைத்து, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பார்.

திரும்பி வரும் ரயிலில் அக்கா பாதித் தூக்கத்தில் இருப்பார். ஆண்டிபட்டி தாண்டியதும் தூரத்தில் மலை நீலமாக எழும். கண்ணைத் திறக்காமலே கேட்பார்.

"மலை வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா."

"மேக்க மஞ்சு இருக்கா?"

"இருக்கு."

"ஒருக்கா மேல கூட்டிட்டுப் போடா."

மலை என்றாலே குளிர். மருத்துவர் கூடாது என்றிருந்தார். ஊசி முடியட்டும் என்று சொல்லி வைப்பேன். ஒவ்வொரு பயணத்திலும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சக்கரம் ஓடும் சத்தத்தில் அக்கா தூங்கிப்போவார். எழுப்பிச் சொல்ல மனது வராது. சொல்லாமலே அவர் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம் போடி ஸ்டேஷன் வரை கூடவே வரும்.

ஊசிகள் முடிந்து, பங்குனி வெயில் ஏறிய ஒரு நாள், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினோம். முன்சீட்டில் அக்கா, பின்னால் மச்சான். வளைவுகள் ஏற ஏற அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "ஒடி, நிமித்து" என்று பழையபடி வந்தார். பாதி மலையில் வாயை மூடிக்கொண்டார். பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் பதறினார்.

"டேய் தம்பி, நிப்பாட்டு. பை உப்புதுடா. வெடிச்சிரும் போலயிருக்கு."

எனக்குச் சட்டென்று விளங்கியது. கீழே போடியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போகும்போது பந்து மாதிரி உப்பிக்கொள்வதை தினமும் பார்க்கிறவன் நான். "பயப்படாதக்கா. சிப்ஸ் பாக்கெட்டு மாதிரிதான். மேல காத்துக் கம்மி, அதான்" என்றேன். வளைவில் ஓரம் கட்டினேன். மச்சான் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு காற்றை வெளியேற்றினார். அக்கா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. போடிமெட்டின் மலையாளி டீக்கடைக்காரர், "சேச்சி, சுகந்தானே? எத்தர நாளாச்சு!" என்று கேட்டபோதும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் இலைகளுக்குள் வெயில் பச்சையாக இறங்கிக் கிடந்தது. செடிக்கடியில் ஒரு சாக்கை விரித்து அக்காவை உட்காரவைத்தோம். கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு காய்ந்த சரத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். மச்சான் பழைய ஸ்டோரைப் பார்த்து வரப் போயிருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"அக்கா, அந்த மழைக்காலத்துல சீட்டுல ரத்தம் கெடந்துச்சுல்ல? அட்டைன்னு சொன்னேன். சீட்டக் கழத்திப் போட்டுத் தேடுனேன்க்கா. ஒரு நாளும் அட்டை இல்ல. ஒங்கிட்டச் சொல்லாம விட்டுட்டேன்."

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. சரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நானும் தேடுனேன்டா தம்பி. பாவாடையத் திருப்பிப் போட்டுப் பாத்தேன். கால்ல, தொடையில, எங்கயும் கடிச்ச தடம் இல்ல."

"பெறகு ஏன்க்கா சொல்லல?"

"நீ அட்டைன்னு சொன்னது கேக்க நல்லா இருந்துச்சு. அப்பிடியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

நான் அழுதுவிட்டேன். ஐம்பது வயது ஆம்பளை, ஏலச்செடிக்கு நடுவில் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. அக்கா என் தலையில் கை வைத்தார். "இனிமே எவ சீட்டுல ரத்தம் கெடந்தாலும், அட்டையக் கண்ணால பாக்காம அட்டைன்னு சொல்லாத. நான் செத்தா எம் பேருல புஸ்தகம் போடுவீங்கள்ல, அதுல இதையும் எழுதிரு" என்றார். எழுதிவிட்டேன் அக்கா.

அதன்பின் பத்து மாதம் நன்றாக இருந்தார். மகளின் வளைகாப்புக்குப் பட்டுச் சேலை உடுத்தி, பந்தியில் நின்று பரிமாறினார். பிறகு நோய் ஈரலுக்கு வந்தது. கண் மஞ்சளானது. இன்னொரு மருந்து பார்க்கலாம் என்றார்கள். போதும் என்றார். வலிக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு, மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்து, மலையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கடைசி நாள் விடிந்த பிறகு, "ஜீப்பு வந்துருச்சா?" என்று கேட்டார். "வந்துருச்சுக்கா, முன்சீட்டு காலியாத்தான் இருக்கு" என்றேன். தலையை லேசாக அசைத்தார். அப்படியே ஏறிப் போய்விட்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், பை மாற்றும் விதத்தை முகம் சுளிக்காமல் நாலு முறை சொல்லிக் கொடுத்த செவிலியருக்கும், ரயிலில் எழுந்து இடம் கொடுத்த பெயர் தெரியாதவர்களுக்கும், ஸ்டேஷனில் பிளாஸ்க் நிறைய வெந்நீர் ஊற்றிக் கொடுத்த டீக்கடைக்காரருக்கும், ஐந்து வாரம் தன் வீட்டைத் திறந்து வைத்த மச்சானின் தங்கைக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் உலை வைக்கவிடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. மச்சானுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். ஆகவே சொல்லவில்லை.

ஜீப்பில் வரும் பெண்களுக்கு நன்றி சொல்ல, போன மழையில் நடந்ததைச் சொன்னால் போதும். அக்கா தோட்டத்தில் சொன்னதை அவர்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். பேச்சியம்மாள் மதினி பின்சீட்டிலிருந்து, "கொழுந்தனாரே, நிப்பாட்டுங்க" என்றார். சின்னவள் ஒருத்தி உட்கார்ந்திருந்த இடத்தில் ரத்தம். அட்டை என்று ஒருவரும் சொல்லவில்லை. கொட்டுகிற மழையில் எல்லோரும் இறங்கினார்கள். சீட்டைக் கழற்றிச் சாலை ஓரத்தில் போட்டேன். பத்துப் பெண்கள் குனிந்து தேடினார்கள். அந்தச் சின்னவள் நடுங்கிக்கொண்டு நின்றாள். "இந்தா இருக்கு! இருக்கு!" என்று மதினி கத்தினார். சீட்டின் இடுக்கில், வயிறு முட்டக் குடித்த ஒரு அட்டை சுருண்டு கிடந்தது. சின்னவளின் முழங்காலுக்குப் பின்னால் கடித்த தடமும் இருந்தது. அதைப் பார்த்ததும் பத்துப் பேரும் மழையில் நின்று சிரித்தார்கள், அழுதார்கள், அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

நான் முன்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். பனி அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

அட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டோம் அக்கா.