சங்குக்கு முன்னால் ஒரு கம்பளி

பிள்ளை பார்க்கிற வேலையில் லீவு உண்டு, ஓய்வு கிடையாது. எழுபதுகளில் தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிரச் என் பொறுப்பில் இருந்தது. கொழுந்து கிள்ளப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். வீட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு திணறும் உங்களுக்கு ஒரு கூடம் நிறையப் பிள்ளைகள் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டாம். அவர்களில் ரோசிலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பேர் சொன்னால்

ரோசிலிக்கு நாலு வயது. பேச்சு இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். செவிடு என்றே நினைத்தேன். ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்டால் முதல் ஆளாக வந்து நிற்பாள்.

அவள் அம்மா அந்தோணியம்மாளிடம் இதைச் சொன்னேன். அவள் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: “காது நல்லாத்தான் கேக்கும்க்கா. பேர் சொன்னா மட்டும் திரும்பமாட்டா. அதுக்கு நான் என்ன செய்ய?”

ஓடிய அன்று

பேக்டரிச் சங்கு ஊதினால் ரோசிலி அலறுவாள், தலையைச் சுவரில் முட்டுவாள். ஒரு நாள் சங்கு ஊதியதும் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள். நானும் கிரச்சில் உதவிக்கு இருந்த ஆயாவும் தேயிலைச் செடிகளுக்குள் தேடாத இடமில்லை. கீழே ஓடை இருந்தது. கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள்.

விஷயம் எஸ்டேட் ஆபீசர் வரை போனது. இனி அவளைக் கிரச்சில் சேர்க்கவேண்டாம் என்றார். பிள்ளையைச் சேர்க்காவிட்டால் அந்தோணியம்மாள் வேலைக்கு வரமுடியாது. வேலை இல்லையென்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் இல்லை. அவர் கெட்ட மனுஷர் இல்லை, பயந்துபோயிருந்தார். “நாளைக்கு அந்த ஓடையில விழுந்தா பதில் சொல்லப்போறது நானா, நீங்களா?” என்றார்.

ஒரு மாதம் தவணை கேட்டேன். கொடுத்தார்.

டாக்டரம்மா

லயத்தில் எல்லாரும் அந்தோணியம்மாளைத்தான் குறை சொன்னார்கள். வயிற்றில் இருக்கும்போது எதையோ பார்த்துப் பயந்தாளாம், பிறந்த பின் கொஞ்சவில்லையாம். அவளும் அதை நம்பத் தொடங்கியிருந்தாள். மலைக்கு வந்துபோகும் ஒரு டாக்டரம்மாவிடம் இருவருமாகப் பிள்ளையைக் கூட்டிப்போனோம்.

அவர் மலையாளி. அவசரப்படாமல் ரோசிலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் டப்பா மூடிகளை வரிசையாக அடுக்குவதை வெகுநேரம் பார்த்தார். ஆட்டிசம் என்ற வார்த்தையை அன்றுதான் முதலில் கேட்டேன். மருந்து இல்லை, எதையும் தினம் ஒரே மாதிரி செய்யுங்கள், மாற்றம் வருமுன் அவளுக்குக் காட்டிவிடுங்கள் என்றார். அந்தோணியம்மாள், நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டாள். டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “ஒரு தப்பும் செய்யலை. இந்தக் குட்டி இப்படித்தான் ஜனிச்சது. நீங்க நல்ல அம்மையாணு.”

திரும்பும் வழியெல்லாம் அவள் அழுதாள். நான் தடுக்கவில்லை.

கம்பளி

சங்குக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பழைய கம்பளியை எடுத்து ரோசிலிக்குக் காட்டுவேன். பிறகு உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் காதோடு சேர்த்துப் போர்த்திவிடுவேன். முதலில் உதைத்தாள், கடித்தாள். ஆயா இது ஆகாது என்றாள். நான் விடவில்லை. கொஞ்ச நாளில் கம்பளியைப் பார்த்ததும் தானே எழுந்து நடந்தாள்.

தவணை முடிய ஆபீசர் வந்தார். சங்கு ஊதியது. ரோசிலி கம்பளிக்குள் உட்கார்ந்து லேசாக ஆடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அந்தச் சங்கு எனக்கும் பிடிக்காதும்மா. பிள்ளை வரட்டும்.”

பால் வராத காலை

அடுக்கும் ஆசையைப் பார்த்து, பால் தம்ளர்களை வரிசையாக வைக்கும் வேலையை ரோசிலியிடமே கொடுத்தோம். ஒரு கோணல் இருக்காது. ஒரு நாள் மழையில் மாட்டுப்பட்டியிலிருந்து பால் வரத் தாமதம். வரிசை முன்னால் நின்றவள் என் சேலையைப் பிடித்து இழுத்து, “பால்” என்றாள். ஐந்து வயது முடியப்போகும்போது முதல் வார்த்தை.

சாயங்காலம் அந்தோணியம்மாளிடம் சொன்னேன். அம்மா என்று சொல்லாததில் வருத்தப்படுவாளோ என்று தயங்கித்தான் சொன்னேன். அவள் மகளின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். “என்னைக் கூப்பிடாட்டி என்னக்கா, நான் எங்க போயிரப் போறேன்? வேணுங்கிறதக் கேக்கத் தெரிஞ்சுக்கிட்டாள்லா, அது போதும்.”

பிள்ளை வளர்க்கத் தெரியும் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. அடுத்த பிள்ளை வரும்வரை எல்லாருக்கும் தெரியும்.