முதுகுக்கு வைத்த தலையணை

வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றினால் முதுகுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக இருக்கிறது. என் மனைவி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மில்லு ஆபீசுல உக்காந்து எழுதுறீகளா, கரி மூட்டை தூக்குறீகளா?" என்று கேட்கிறாள். தலையணைக்கு மூன்று முறை உறை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. கறுப்பு உள்ளே பஞ்சு வரைக்கும் இறங்கியிருக்கிறது, கொஞ்சம் வியர்த்தால் போதும், கசிந்து வெளியே வருகிறது. பழைய பூப்போட்ட சேலையைக் கிழித்துத் தைத்த, ஒரு முழ நீளத் தலையணை. அண்ணன் மனைவி, என் மதினியுடையது. இப்போது ஆபீஸ் நாற்காலிக்கும் என் முதுகுக்கும் நடுவில் இருக்கிறது. எங்கும் போகாமலே தேய்ந்துபோன முதுகு என்னுடையது. ஜன்னலுக்கு வெளியே தூத்துக்குடி ரோட்டில் லாரிகள் போகும்போதெல்லாம் எழுந்து அவற்றோடு போய்விடத் துடித்து, எழாமலே இருபது வருடம் உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தலையணையை நான் முதலில் பார்த்தது, என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் மதினி அதை மடியில் வைத்துக்கொண்டு ஏறிய அன்றுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதுபோல இருந்தது. நாங்கள் போனது டிரைவிங் ஸ்கூல் பார்க்க. மதினி லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள எது நல்ல பள்ளிக்கூடம் என்று பார்த்து முடிவுசெய்ய.

அண்ணனுக்குத் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டு எரித்து எடுக்கும் கரியைச் சொந்த லாரியில் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோவார். சர்க்கரை அவருடைய கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. அதை அவர் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. "எல்லாருக்கும் கானல் தூரத்துலதான்டா தெரியும். எனக்குப் பானெட்டு மேலயே தெரியுது." இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாரி வீட்டுக்குப் பக்கத்தில் கருவேல நிழலில் நின்றது. அண்ணன் காலையில் எழுந்து அதன் கண்ணாடியைத் துடைப்பார், டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவார், வெயில் ஏறியதும் இறங்கி வருவார். மூன்று மாதம் அப்படியே போனது. வாங்குவதற்கு ஆட்கள் வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மதினி ஏற்கெனவே குட்டியானை லோடு வண்டி ஓட்டுபவர்தான். சுற்றுப்பட்டு ஊர்களின் மல்லிகைப் பூவையும் கத்தரிக்காயையும் விடிவதற்குள் அருப்புக்கோட்டை மார்க்கெட்டில் இறக்கிவிடுவார். ஆள் குட்டை. குட்டியானைக்குச் சரியாக இருக்கும் உயரம். ஒருநாள் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார். "லாரிய வித்தா உங்கண்ணன் வீட்டுக்குள்ள உக்காந்துருவாக தம்பி. உக்காந்தாகன்னா எந்திரிக்க மாட்டாக. நான் ஓட்டுறேன். அவுக கிளீனர் சீட்டுல வரட்டும்." அண்ணனே கற்றுக்கொடுக்கலாமே என்றேன். ஒருநாள் காலையில் முயன்று பார்த்தார்களாம். அண்ணன் கத்திய கத்தலில் மதினி பாதி ரோட்டில் வண்டியை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாராம். "அவுக வாயும் வண்டியும் சேந்து ஓடாது தம்பி" என்றார். எப்படியும் ஹெவி லைசென்சுக்கு ஸ்கூல் சர்டிபிகேட் வேண்டும். அதனால்தான் அந்த ஸ்கூட்டர் பயணம்.

முதல் பள்ளி அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, சுவரில் சிரிக்கும் லாரியின் படம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மதினியைப் பார்க்கவே இல்லை, என்னிடமே பேசினார். போட்டோவும் கையெழுத்தும் போதும், டெஸ்ட் அன்றைக்கு வந்தால் போதும், மற்றதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். மதினி கேட்டது ஒன்றுதான். "வண்டி எங்கய்யா? ஏறி உக்காந்து பாக்கணும்." அவர் மதினியையும் மடியில் இருந்த தலையணையையும் அப்போதுதான் பார்த்தார். "வண்டி டெஸ்ட் அன்னைக்கு வரும்மா. இப்பவே ஏறி உக்காந்து என்ன, தூங்கவா போறீக?" மதினியும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

இரண்டாவது விருதுநகரில். பெரிய கட்டடம், உள்ளே ஒரு பெட்டிக்குள் சீட்டும் ஸ்டியரிங்கும் எதிரே திரையும். சீட்டை முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்த்தலாம். தலையணைக்கு வேலையே இல்லை. மதினி உட்கார்ந்ததும் திரையில் ஒரு மலை ரோடு வந்தது, வெள்ளையாய்ப் பனி கொட்டியது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வெளியே வந்து, ரொம்பக் காரியமானவர்போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். "தம்பி, வீரசோழனுக்குப் போற வழியில பனி எந்த இடத்துல பெய்யும்? நான் இத்தனை வருசமாப் பாக்கலையே."

மூன்றாவது பந்தல்குடி தாண்டி, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வெடித்துக் கிடந்த கரிசல் பொட்டலில் ஒரு தகரக் கொட்டகை. பழைய லாரி ஒன்று பாதியளவு கருங்கல் லோடோடு நின்றது. சொல்லிக்கொடுப்பவரை எல்லோரும் வாத்தியார் என்றார்கள். மதினியைவிடப் பத்து வயதாவது இளையவராக இருப்பார். நிலக்கடலையை உரித்துத் தின்றுகொண்டே டீசல் விலையைத் திட்டிக்கொண்டிருந்தார். மதினி தலையணையோடு ஏறினார். அடியில் போட்டு உட்கார்ந்தபோது ரோடு தெரிந்தது, கால் கிளச்சுக்கு எட்டவில்லை. கிளச்சு எட்டும்படி நுனிக்கு நகர்ந்தால் முதுகு அந்தரத்தில் நின்றது, மிதித்ததும் பின்னால் சரிந்தார். வாத்தியார் படியில் ஏறி நின்று பார்த்தார். "அடியில இருந்து எடுங்கக்கா. முதுகுக்கு வைங்க." மதினி வைத்தார். கிளச்சு தரை வரைக்கும் போனது, முன்னால் நகர்ந்ததில் ரோடும் தெரிந்தது. இறங்கும்போது மதினி முகத்தில் இருந்ததை என்னவென்று சொல்வது, பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டில் எல்லோரும் ஒரே மனதாகச் சரி என்று சொன்னால் அப்படி இருக்கும். எதற்குக் கல்லை ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று வாத்தியாரிடம் கேட்டேன். "காலி வண்டி யாருக்கும் அடங்கும் சார். லோடு ஏத்துனாத்தான் அது யாருன்னு தெரியும்" என்றார்.

நாற்பது நாள், விடியற்காலை ஐந்தரைக்கு வந்துவிட வேண்டும் என்றார். மதினியின் ஊரிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ்ஸு சேராது. குட்டியானையை அந்த நாற்பது நாளும் ஒரு பையனிடம் விட்டுவிட்டு, என் வீட்டில் தங்கி, என் ஸ்கூட்டரில் போகலாம் என்பது மதினியின் கணக்கு. அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. திரும்பும் வழியில் டீக்கடையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்பது விடியற்காலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதே எல்லாம் அலுத்திருந்தது. காலையில் கண் விழிப்பது, சட்டையில் கை நுழைப்பது, ஒரே ரோட்டில் ஒரே திசையில் போவது எல்லாமே. உறக்கம் ஒன்றுதான் எனக்கென்று மிச்சம் இருந்தது, அதையும் கொடுக்க மனசு வரவில்லை. "டவுனு ஸ்கூலே போதும் மதினி" என்றேன். "ஓட்டத்தான் தெரியுமே உங்களுக்கு. பெரிய வண்டி, அவ்வளவுதான். லைசென்ஸ் கைக்கு வந்துட்டா அண்ணன் பக்கத்துல இருந்து பாத்துக்கிருவாரு." மதினி டீ டம்ளரைக் கழுவி வைத்தார், கடைக்காரர் வேண்டாமென்று சொல்லியும். "சரி தம்பி. உங்களுக்குத் தோதுப்படுறதப் பாருங்க."

டெஸ்ட் அன்று ஒரு காலி லாரி வந்தது. மதினி தலையணையை முதுகுக்கு வைத்து மைதானத்தில் போய்த் திரும்பி வந்தார். லைசென்ஸ் தபாலில் வந்தபோது அண்ணன் அதைக் கண்ணுக்கு அருகில் வைத்து, தள்ளி வைத்து, மறுபடி அருகில் வைத்துப் பார்த்தார். அடுத்த வாரமே கரி ஏற்றினார்கள். கரி கனம் இல்லாத சரக்கு, அதனாலேயே உயரமாக அடுக்குவார்கள். ஒரு வீட்டின் மேல் இன்னொரு வீட்டை வைத்ததுபோல இருக்கும். திருச்சுழி தாண்டி ஓடைப் பாலத்துக்கு முன்னால் ரோடு இறங்கி வளையும் இடத்தில் மதினி பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. மேலே இருந்த லோடு நிற்கவில்லை, ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து, யோசித்து, திரும்பி வந்தது. மதினி என்ஜினை அணைத்தார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், இறங்கி ரோட்டோரம் போய் உட்கார்ந்துவிட்டார். பின்னால் இரண்டு பஸ்ஸு, ஒரு டிராக்டர். "என்னம்மா, நடு ரோட்டுல கடை போட்டுருக்கீகளா?" என்று ஒருவர் கத்தினாராம். அண்ணன் கிளீனர் சீட்டிலிருந்து தடவித் தடவி இறங்கி வந்தார். மதினி சொன்னாராம், "எனக்கு இந்த வண்டியத் தெரியலைங்க." வேறொரு டிரைவர்தான் அன்று லோடைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வீட்டுக்கு வந்த அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மதினி பிற்பாடு சொன்னார். "வித்துருவோம்" என்றாராம், அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்கு உடனே தெரியாது. ஒரு மாதம் கழித்து, மில் வேலையாகப் பந்தல்குடிக்குப் போனவன், ரோட்டோர மரத்தடியில் மதினி தனியே பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தேன். கக்கத்தில் தலையணை. அந்தப் பொட்டலுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். முதல்நாள் வாத்தியார் கேட்டதை நடித்துக் காட்டினார், கடலை உரிப்பதுபோல விரலை ஆட்டிக்கொண்டு. "லைசென்ஸ வச்சுக்கிட்டு லாரி படிக்க வந்த ஆள இன்னைக்குத்தான்க்கா பாக்குறேன். கல்யாணம் முடிச்சுட்டு மாப்பிள்ளை பாக்க வந்த கதையால்ல இருக்கு!" கரி லோடு என்றதும் அவர் கல்லை இறக்கிவிட்டு, உமி மூட்டைகளை வாங்கி ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கினாராம். அந்த உயரத்தோடு வளைவு, அந்த உயரத்தோடு இறக்கம், மூட்டை சரிந்தால் இறங்கி மதினியே மறுபடி அடுக்க வேண்டும். குட்டியானையைப் பையனிடம் விட்டாயிற்று, விடியற்காலைக்கு பஸ்ஸு கிடையாதென்று வெயில் நேரத்தில் வரச் சம்மதம் வாங்கியிருக்கிறார். இரண்டு பஸ்ஸு மாறி வந்து, வெந்து, இரண்டு பஸ்ஸு மாறித் திரும்பிப் போகிறார். வண்டியை விற்க அண்ணனிடம் நாற்பது நாள் தவணை கேட்டிருந்தாராம்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மதினி. நாளையிலிருந்து காலையில நான் வாரேன். விடியக்காலமே கூட்டிட்டு வந்துருறேன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். மதினி என்னைப் பார்த்தார். கோபம் துளிகூட இல்லை. களைத்துப்போன ஒருவருக்கு இன்னொரு களைத்தவர் சீட்டில் இடம்விடுவதுபோல இருந்தது அந்தப் பார்வை. "பஸ்ஸு இருக்கு தம்பி. நீங்க தூங்குங்க" என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். மறுநாள் நான் ஐந்து மணிக்கு விழித்தேன். விழித்தபடியே ஏழு மணி வரைக்கும் படுத்திருந்தேன்.

லாரியை விற்கவில்லை. அண்ணன் கிளீனர் சீட்டில் வாரத்துக்கு மூன்று முறை தூத்துக்குடி போய்வருகிறார். பாலம் வருவது அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடுகிறதாம். "இப்ப மிதி" என்பாராம். மதினி அதற்கு முன்பே மிதித்திருப்பார், சொல்லமாட்டார். போன பொங்கலுக்கு முன்னால் நகர்த்தக்கூடிய சீட்டு ஒன்றை வாங்கி மாட்டினார்கள். அன்று மில் வாசலில் லாரியை நிறுத்தி, இந்த முறை இறங்கி வந்து, தலையணையை என்னிடம் கொடுத்தார். "முதுகு வலிக்குதுன்னீகளாமே. அடியில போடாதீக, முதுகுக்கு வைங்க." மேலேயிருந்து அண்ணன் எந்தப் பக்கம் நான் நிற்கிறேன் என்று தெரியாமல் பொதுவாகக் கையாட்டினார்.

மத்தியானம் இரண்டரைக்கு ஆபீசில் மின்விசிறி மட்டும் வேலை செய்யும். வெளியே தூத்துக்குடி ரோட்டில் ஒரு லாரி உயரமாக ஏற்றிக்கொண்டு போகிறது, கண்ணாடி லேசாக அதிர்கிறது. அவர்களாகவும் இருக்கலாம். எழுந்துபோய்ப் பார்க்கலாம், நாலே எட்டு. சாய்கிறேன். என் முதுகின் பள்ளத்தில் அந்தத் தலையணை கச்சிதமாகப் பொருந்துகிறது, எனக்கென்றே தைத்ததுபோல. லேசாகக் கரி வாசம். இமை தானாக மூடுகிறது. நீங்க தூங்குங்க.