போடியாருக்கு ஒரு கரண்டிச் சீனியில் அப்பிள்

1. செங்கல் நிறம்

டெஸ்ட் டியூபில் செங்கல் நிறம் வந்தால் குற்றவாளி குசினியில் இருக்கிறாள். எங்கள் மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாட்டு டொக்டரின் சட்டம் அது. மேல் விசாரணை கிடையாது.

அன்று காலை எட்டரை மணிக்கு அவர் டியூபைக் கையில் பிடித்தபடி நேரே குசினிக்குள் வந்துவிட்டார். நான் கஞ்சி துழாவிக்கொண்டு நின்றேன். டயட் குசினியில், அதாவது பத்தியக்காரருக்குத் தனியாகச் சமைக்கிற அறையில், எனக்கு அது ஒன்பதாவது நாள். அதற்கு முன் பதினொரு வருடம் பெரிய குசினியில் சோறு வடித்தவள். டயட் குசினியில் இருந்த சமையல்காரர், சண்டைக்குள் பாதை திறந்த ஒரு நாள் பார்த்துக் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். "ஞானம், நீ அங்க போய் நில்லு" என்றார்கள். எனக்குக் கிடைத்த ட்ரெயினிங் அந்த ஒரு வசனம்தான்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. அதுதான் கூடச் சுடும்.

"இது என்ன நிறம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"செங்கல் நிறம், டொக்டர்."

"போடியாற்ற மூத்திரம். நான் உங்களுக்கு எத்தினை கரண்டி சீனி சொன்னனான்?"

"ஒண்டு."

"நீங்கள் எத்தினை போட்டனீங்கள்?"

"ஒண்டு."

"அப்ப மிச்சம் வானத்திலயிருந்து விழுந்ததோ?"

இப்போது விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து இலக்கம் பார்க்கிறார்கள். எங்கள் காலத்தில் அது கிடையாது. பெனடிக்ட் என்ற நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் பிடித்துக் கொதிக்கவைப்பார்கள். நீலம் நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், செம்மஞ்சள் என்று ஏறிப்போய்ச் செங்கல் நிறத்தில் நின்றால் ஆள் கரும்புத் தோட்டம்.

போடியார் கரடியனாற்றுப் பக்கத்தில் பெரிய வயல்காரர். வட்டையில், அதாவது வயல்வெளியில், அவருடைய காணிக்கு வரம்பு கட்டவே ஒரு கூட்டம் ஆட்கள் வேண்டும். சீனி வருத்தம், வலது பாதத்தில் புண். வாட்டுக்கு வந்து பத்து நாளாகியும் புண் காயவில்லை. டொக்டர் எனக்குக் கணக்கைச் சொன்னார். சீனி இறங்காவிட்டால் புண் காயாது. காயாவிட்டால் பாதத்தை வெட்டவேண்டும். வெட்டுவதற்கும் வெளியே அனுப்ப வேண்டும், பாதையோ பூட்டு.

"மனுசன் வாட்டுச் சாப்பாட்டைத் தொடுறாரில்லை. அதுக்குத்தானே உங்களிட்டை அந்த அப்பிளுகளை அவிச்சுக் குடுக்கச் சொன்னனான்? நாளைக்கும் இந்த நிறம் வந்தா, நீங்கள் திரும்பப் பெரிய குசினி."

பெரிய குசினிக்குப் போவது எனக்குப் பெரிய தண்டனையில்லை. செய்யாத களவுக்குப் போவதென்றால் விடமாட்டேன். கஞ்சியை இறக்கிவைத்துவிட்டு வாட்டுக்கு நடந்தேன்.

2. கூடையின் அடியில்

ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்க வருகிறவர்கள் அப்பிள் இல்லாமல் வரமாட்டார்கள். ஆளுக்குப் பல் இருக்கிறதா என்று கேட்பதில்லை. போடியாருக்கு மேல் வரிசையில் இரண்டு பல்தான் மிச்சம். அவருடைய லொக்கருக்கு மேல் பன்னிரண்டு அப்பிள் அடுக்கியிருந்தது, கோயில் படையல் மாதிரி. கொழும்பிலிருந்து குலுங்கி வந்து சேர்வதற்குள் பாதி மாவாகிப்போன அப்பிள்கள். அவிப்பதற்கு அதுவே நல்லது.

அவருடைய மனைவி தங்கமக்கா அப்போதுதான் வந்திருந்தார். கட்டிலடியில் பன்புல்லில் இழைத்த கூடை, கூடைக்கு மேல் வாசல் கடையில் வாங்கிய இரண்டு அப்பிள்.

"தாங்கக்கா, இதையும் குசினிக்குக் கொண்டு போறன்" என்று கூடையைத் தூக்கினேன். இரண்டு அப்பிளுக்கு அவ்வளவு பாரம் வராது. தங்கமக்கா கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நான் இழுக்க, அவர் இழுக்க, போடியார் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். உலகத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

துணிக்குக் கீழே ஒரு போத்தல் தேன். காட்டுத் தேன், கறுப்பாக, தொண்டைவரை.

"தங்கமக்கா, இதென்ன வேலை?"

"என்னகா நீ, டொக்டர் சீனிதானே வேணாமெண்டாரு. தேன் சீனியா? தேன் மருந்து."

"எத்தின நாளா?"

"வந்த நாளிலயிருந்து. ரெண்டு சென்றியில போத்திலத் திறந்து காட்டி, அங்க நிக்கிறவனுகளுக்கு ஒவ்வொரு விரல் நக்கக் குடுத்துத்தான் கொண்டாறன். அவருக்கு நாக்குச் செத்துப்போச்சு எண்டு அழுறாரு. நான் என்ன செய்ய?"

எனக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. இந்த மனுசி வெயிலில் நடந்து, சென்றி என்கிற சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, புருசனுடைய காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே வெட்டிக்கொண்டிருக்கிறாள். அது அவளுக்குத் தெரியாது. வாட்டு நேர்ஸ் பத்மா மிஸ்ஸியிடம் ஒரு சொல் சொன்னால் போதும், தங்கமக்காவை நாளையிலிருந்து வாட்டுக்குள் விடமாட்டார்கள். ஆனால் அவரை விடாவிட்டால் போடியாரும் நிற்கமாட்டார்.

போடியார் இப்போதுதான் வாயைத் திறந்தார்.

"புள்ள, ஒன்ட அவிச்ச அப்பிளத் திண்டு கிடக்க என்னால ஏலா. இனிப்பில்லாத வாயோட கிடக்கிறத்துக்குக் காலில்லாமக் கிடக்கலாம். நாளைக்குத் துண்டு வெட்டிக்கிட்டுப் போறன். வட்டையில நெல்லு வெளஞ்சிட்டு, வேளாண்மை வெட்டு தொடங்கப்போகுது."

துண்டு வெட்டுவதென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது. அப்படிப் போனவர்கள் சிலர் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"மூணு நாள் தாங்க போடியார்" என்றேன். "ஒரு கரண்டிச் சீனியில செய்யிறன். இனிப்பெண்டு நீங்களே சொல்லணும். சொன்னா, புண் காயுமட்டும் இஞ்ச கிடக்கணும். சொல்லாட்டி தேனையும் தந்து, துண்டும் நானே வெட்டித் தாறன்."

"அதுவரைக்கும் தேன்?"

"அது என்னோட."

"செரி. ஆனா நான் பொய் சொல்லமாட்டன். சப்பெண்டா சப்பெண்டுதான் சொல்லுவன்" என்றார். பத்து நாள் களவாய்த் தேன் நக்கியவர் சொன்ன பேச்சு அது.

3. திரைந்த பாலும் பெரிய சட்டியும்

முதல் நாள் எனக்குத் தலைக்கனம். சீனி குறைவென்றால் தேங்காய்ப்பால் இருக்கிறதே, முதற்பாலுக்கே ஓர் இனிப்பு உண்டு என்று நினைத்தேன். அப்பிளை அரிந்து, கறுக்காமல் இருக்கத் தேசிக்காய்ப் புளி பிழிந்து, பாலில் போட்டேன். புளி பட்ட பால் என்ன செய்யும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பதினொரு வருடம் சமைத்தவளுக்கு அன்று தெரியாமல் போனது. பால் திரைந்து, அப்பிள் புளித்து, பார்க்கவே ஒரு மாதிரி.

போடியார் ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினார். "ஆருக்கும் இத ஊத்தினா உண்மையச் சொல்லிப்போடுவான்" என்றார். வாட்டு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், குசினிக்கு வந்து கரண்டியை எறிந்தேன்.

இரண்டாம் நாள் புத்தியாக நடந்தேன். தேசிக்காய் இல்லை, பால் இல்லை. தோலையும் நடுத்தண்டையும் கறுவாப்பட்டையோடு அவித்து வடித்தேன். வடித்த தண்ணீர் ரோசா நிறமாகி மணத்தது. அதில் அப்பிள் துண்டுகளைப் போட்டு, ஒரு விரல் நுனி உப்பு, மெல்லிய நெருப்பு, மூடாமல் வற்றவிட்டேன். கடைசியில் அந்த ஒரு கரண்டிச் சீனியைப் போட்டுக் கரைத்துக் கிளறினேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

"மணம் கிடக்கு" என்றார் போடியார். "இனிப்பு எங்க? காய்ச்சக்காரன்ட கஞ்சிக்குப் பவுடர் போட்டாப்போல."

அன்று டியூப் செம்மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. டொக்டர் குசினிப் பக்கம் வந்து தலையாட்டினார். அலுமாரிக்கு மேலே இருந்த போத்தலையும் பார்த்தார்.

"அது என்ன?"

"இருமலுக்கு, டொக்டர்."

"ஆருக்கு இருமல்?"

நான் இருமிக் காட்டினேன். அவர் நம்பினாரோ என்னவோ, போய்விட்டார்.

தங்கமக்கா பின்னேரம் குசினி வாசலில் வந்து நின்றார். "அவரு சட்டையெல்லாம் மடிச்சு வெச்சிட்டாரு. நாளைக்குப் போறத்துக்கு" என்றார். தேனைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. பத்மா மிஸ்ஸி டியூபைக் காட்டி விளங்கப்படுத்தியிருக்கிறார். பொதுவாகத்தான், ஆளைக் குறிவைக்காமல். அது தங்கமக்காவுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. "நான்தானேகா குடுத்தன்" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

4. உள்ளங்கைச் சீனி

மூன்றாம் நாள் காலை தேத்தண்ணி நேரம். பாதை பூட்டினால் முதலில் காணாமல் போவது சீனிதான். ஸ்டோர் அண்ணர் வேலையாட்களுக்கு ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுப்பார், கோப்பையில் இல்லை, உள்ளங்கையில். ஒரு சிட்டிகையைக் கோப்பையில் போட்டால் போட்டதே தெரியாது. உள்ளங்கையில் வைத்து நாக்கு நுனியால் ஒரு தொடுகை, ஒரு மிடறு பிளேன்டி, மறுபடி ஒரு தொடுகை. கோப்பை முழுக்க இனிக்கும். சண்டைக் காலத்தில் மட்டக்களப்பில் இப்படித் தேத்தண்ணி குடிக்காத வீடு இல்லை.

நானும் அப்படித்தான் நக்கிக்கொண்டு நின்றேன். பாதி நக்கலில் நாக்கு நின்றுவிட்டது.

ஒரு கிழமையாக இதையே செய்துகொண்டு, போடியாருடைய சீனியை ஒரு சட்டி அப்பிளுக்குள் கொண்டுபோய்க் கரைத்திருக்கிறேனே. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

அன்று சட்டிக்குள் சீனியே போடவில்லை. முந்தின நாள் போலவே தோல் அவித்த தண்ணீரில் அவித்தேன், ஆனால் அரை அப்பிள் மட்டும், அது தன் தண்ணீரிலேயே பிசுபிசுக்கும்வரை. கொதிக்கக் கொதிக்கக் கொடுக்கவில்லை, குளிரவும் விடவில்லை. இளஞ்சூட்டில் நாக்கு கூர்மையாக இருக்கும். கோப்பையில் குவிக்காமல் தட்டைப் பீரிசில் பரப்பினேன். கரண்டிச் சீனியை ஸ்டோர் அண்ணருக்கு முன்னால் தட்டையாக வழித்து அளந்தேன், நாளைக்குப் பேச்சு வரக்கூடாது என்று. வாட்டுக்குக் கொண்டுபோய், அவர் கரண்டியைத் தூக்கும்போதுதான் மேலே தூவினேன். சீனி கரைய நேரம் கொடுக்கவில்லை.

போடியார் வாயில் வைத்தார். பல்லில் சீனி நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது கரண்டி. மூன்றாவது. தங்கமக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பீரிசு வெறுமையானது.

பிறகு வாட்டுக்கே கேட்கக் கத்தினார். "டொக்டர், இஞ்ச வாங்க. இந்தப் புள்ள சீனிய அள்ளிப் போட்டிருக்கா. என்ட காலுக்கு ஆபத்து."

அடப் பாவி மனுசா. இனிப்பெண்டு சொல்லச் சொன்னால், என்னைக் காட்டிக்கொடுக்கிறார்.

டொக்டர் வந்தார். பீரிசின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலில் எடுத்து ருசி பார்த்தார். முகம் மாறியது. "ஞானம், இது ஒரு கரண்டியோ?"

"ஒரு கரண்டி. நாளைக்கு டியூப் சொல்லட்டும். செங்கல் வந்தா நானே பெரிய குசினிக்குப் போறன்."

அடுத்த நாள் காலை பத்மா மிஸ்ஸி ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தபோது போடியார் எழுந்து உட்கார்ந்திருந்தார். மடித்த சட்டை பக்கத்தில் இருந்தது. டொக்டர், நான், தங்கமக்கா, பக்கத்துக் கட்டில்காரர் எல்லோரும் அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொதித்தது. நீலம் மெல்லக் கலங்கியது. பச்சையில் வந்து நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

"வாவித் தண்ணி நிறம்" என்றார் மிஸ்ஸி.

டொக்டர் டயட் அட்டையில் 'அப்பிள், தினமும்' என்று எழுதினார். போடியார் சட்டையைத் தங்கமக்காவிடம் கொடுத்தார். "கொண்டு போய் வீட்ட வெய்யி" என்றார்.

5. கூடை மறுபடியும்

வேளாண்மை வெட்டைத் தங்கமக்காவே வட்டையில் நின்று முடித்தார். முடித்துவிட்டு வந்து, தானும் அப்பிள் அவிக்கப் பழகவேணும் என்று குசினிக்குள் நின்றார். கடைசி வாரம் முழுக்க அவர்தான் அவித்தார், அவர்தான் சீனியும் அளந்தார், கட்டிலடியில் நின்று தூவியது மட்டும்தான் நான். போடியாருக்கு நாங்கள் சொல்லவில்லை.

ஒரு நாள் போடியார் என்னைக் கூப்பிட்டார். "புள்ள, இண்டைக்குச் சீனி கூட. கைய அடக்கிப் போடு" என்றார். தங்கமக்கா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அன்று தங்கமக்கா அளந்து தந்தது அரைக் கரண்டி. அடுத்த நாள் டியூப் நீலமாகவே நின்றது.

டயட் குசினிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சீனியைக் குறை என்று சொன்னால், முதலில் அதைச் சட்டிக்குள் போடாதே. நாக்கு முதலில் தொடுகிற இடத்தில் வை. சாப்பிடுகிறவர் எதிரில் நின்று வை. ஆள் கட்டிலடியில் என்ன வைத்திருக்கிறார் என்றும் பார்.

புண் காய்ந்து போடியார் துண்டு வெட்டிய நாள் தங்கமக்கா கூடையோடு வந்தார். மேலே இரண்டு அப்பிள். "ஒனக்குத்தான்கா" என்று நீட்டினார். வாங்கும்போது பாரமாக இருந்தது. பழக்கதோசம், கை தானாகவே அடியில் போனது. துணிக்குக் கீழே பேப்பரில் சுற்றிய ஒன்று.

பிரித்துப் பார்த்தேன். போடியார் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்க, இத்தனை நாளும் சும்மா கிடந்த வலது கால் செருப்பு.